அடைக்கலமாய் வந்த பெயர்கள்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் நடுவே ஒரு மாலைப் பொழுதில் பங்கு அலுவலகத்திற்கு ஒருவர் வந்தார். குடியை விட்டு ஐந்தாண்டுகள் ஆனவர். விடுவதற்கு முந்திய இரவுகளையும், மறுவாழ்வு இல்லத்தில் அவர் கழித்த நாட்களையும் நான் அறிவேன். அவருடைய மனைவியையும் என்னையும் தவிர ஊரில் வேறெவரும் அதனை முழுமையாக அறியார். பள்ளியொன்றில் வேன் ஓட்டும் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தார். வேலை கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்:

“ஆபீஸ் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொன்னாங்க சாமி. குடுத்தேன். அவங்க போன்ல என் பேரு வந்துச்சு. பேருக்குப் பின்னால ‘குடி மறுவாழ்வு’ன்னும் வந்துச்சு. அப்படிப் பேரு போட்டு வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான சாமி?”

ஆம், நான்தான்.

(இதனை அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன். காலம், வேலை முதலிய அடையாளங்களை மாற்றியுள்ளேன். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே முதற்கடன்.)

நடந்தது இதுதான். எங்கள் பங்கில் அந்தோணிகளும் மிக்கேல்களும் எண்ணி மாளாதவர்கள். எனவே கைப்பேசியில் ஒவ்வொரு பெயரோடும் ஓர் அடைமொழி சேர்த்து வைப்பது என் வழக்கம். ‘கொத்தனார்’, ‘மேலத்தெரு’ என்பன போன்றவை பெரும்பாலும். ஆனால் ‘டயாலிசிஸ்’, ‘மணமுறிவு வழக்கு’, ‘மகன் சிறையில்’ என்பனவும் உண்டு. மறவாமல் செபிக்கவும், மறவாமல் விசாரிக்கவும் எழுதியவை அவை. பின்னர், வேண்டாத விளம்பர அழைப்புகளின் தொல்லை தாங்காமல், அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவினேன். அது என் முகவரிப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். இத்தகைய செயலிகளுக்கு உலகத்தாரின் பெயர்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று நான் ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததில்லை. என்னைப் போன்றோரின் பட்டியல்களிலிருந்துதான் கிடைக்கின்றன. ஒருவர் தம் கைப்பேசியில் எழுதி வைத்த பெயர், முன்பின் அறியாத மற்றொருவரின் திரையில் தோன்றுகிறது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது இரகசியத்தை மூன்று வகையாகப் பிரித்துக் கற்பித்தார்கள். தற்செயலாக அறிய வந்து, சொன்னால் பிறருக்குத் தீங்கு நேரும் என்பதால் காக்க வேண்டியது ஒன்று. அறிந்த பின் ‘சொல்லமாட்டேன்’ என்று வாக்களித்துக் காப்பது இன்னொன்று. காப்பார் என்று நம்பியே ஒருவர் நம்மிடம் ஒப்படைப்பது மூன்றாவது. மருத்துவர், வழக்குரைஞர், குருவானவர் ஆகியோரிடம் வந்து சேர்வது இம்மூன்றாம் வகை. இதன் கட்டு மற்ற இரண்டைவிட வலியது, ஏனெனில் இது அன்பின் கடமை மட்டுமன்று, நீதியின் கடமை. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை இவை யாவற்றுக்கும் மேலானது. அதைப் பற்றி இங்கு நான் பேசவில்லை. அந்த மனிதர் தம் கதையைச் சொன்னது அலுவலக மேசைக்கு எதிரே, தேநீர் குடித்தபடி. ஆயினும் அது ஒப்படைக்கப்பட்டதே.

“நான் வாய் திறக்கவில்லையே” என்று முதலில் என் மனம் வாதாடியது உண்மை. அறியாமல் நிகழ்ந்தது குற்றமாகுமோ? இதற்கும் அதே பாடநூல்களில் விடை உண்டு. வெல்ல முடியாத அறியாமை வேறு, முயன்றால் நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை வேறு. ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்துமுன் இரண்டு நிமிடம் நின்று படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டவனுடைய அறியாமைக்கு அந்நூல்கள் மரியாதையான பெயர் எதுவும் வைக்கவில்லை.

தமிழ் மரபில் இதற்கு இன்னும் ஆழமான சொல் ஒன்றுண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாகத் தருகிறார். கோவலன் கொலையுண்டது மாதரியின் குற்றமன்று. அவள் காட்டிக்கொடுக்கவில்லை, கடமையில் தவறவுமில்லை. எனினும் அடைக்கலம் இழந்தேன் என்று அவள் தீயில் புகுந்தாள். அவள் முடிவை நாம் ஏற்க இயலாது. ஆனால் ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்பது அடைக்கலம் ஏற்றவர் சொல்லத்தக்க சொல் அன்று என்பதை அம்முதியவள் அறிந்திருந்தாள். என் முன்னோரான பங்குத்தந்தையர் குடும்பப் பதிவேட்டை இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருந்தார்கள். நான் அதைவிட நுட்பமான பதிவேட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தேன்.

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு மறுமொழி வருகிறது: “என்னிடம் மறைக்க எதுவுமில்லை.” நல்லவர்கள் சொல்லும் சொல் அது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் எழுவாயைக் கவனியுங்கள். ‘என்னிடம்’ என்பதற்கு அப்பால் அதற்கு எட்டுவதில்லை. என் கைப்பேசியில் ஏறத்தாழ எண்ணூறு பெயர்கள் இருந்தன. அவர்களுள் எவரும் தமக்காகப் பேச என்னை நியமிக்கவில்லை. என் அந்தரங்கத்தை நான் தாராளமாக வழங்கலாம். பிறருடையதை வழங்க நான் யார்? 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு 34 ஆண்டுகள் முன்னரே, 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220-ஆம் எண், ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை மீறலாகாது என்று கூறிவிட்டது. குருமடத்தில் அந்த எண்ணை மனப்பாடம் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

இலவசம் என்ற சொல்லையும் சற்றே திறந்து பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியபோது, விளம்பரமே கூடாது என்ற பிடிவாதம் அதன் நிறுவனர் இருவருக்கும் இருந்தது. ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் என்ற முறையும் இருந்தது. 2014-இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ 1,900 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. 2016-இல் கட்டணம் நீங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், பயன்படுத்துவோரின் எண் முதலிய தகவல்களைத் தாய் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளும் விதிகள் வந்தன. வாங்கிய வேளையில் இரு கணக்குகளையும் தாமாகப் பொருத்த இயலாது என்று கூறியது தவறான தகவல் எனக் கண்டு, ஐரோப்பிய ஆணையம் 2017-இல் ஃபேஸ்புக்கிற்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டின் விதிமாற்றத்திற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் நாம் எழுதும் கடிதத்தின் உள்ளடக்கம் 2016 முதல் பூட்டப்பட்டே செல்கிறது. அந்நிறுவனமும் அதைப் படிக்க இயலாது. ஆனால் உறையின் மேற்புறம் திறந்தே இருக்கிறது: யார், யாருக்கு, எந்நேரத்தில், எத்தனை முறை. ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து நள்ளிரவில் தன் பங்குத்தந்தையை அழைத்தாள் என்றால், அவள் என்ன பேசினாள் என்று எவரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை.

இவ்வாறு திரளும் துணுக்குத் தகவல்கள் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தொழுகை நேரத்தையும் திசையையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ என்ற செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் இருக்குமிடம் பற்றிய தகவல் ‘எக்ஸ்-மோடு’ என்ற தரகு நிறுவனத்திற்குப் போய், அங்கிருந்து அமெரிக்க இராணுவத்திற்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள்வரை சென்றதை 2020 நவம்பரில் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். அச்செயலியார் உறவை முறித்துக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் அத்தரகருக்குத் தடை விதித்தது. இறைவனை நோக்கித் திரும்பத் திசை கேட்டவர், தாம் நிற்குமிடத்தை விற்கக் கொடுத்தவரானார். நம்மிடையே உலவும் செபச் செயலிகள் எத்தகையவை என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அந்த மாலைக்குப் பின் நான் செய்தவை பெரிய துறவு அன்று. முதலில் அடைமொழிகளை அழித்தேன். பெயர்காட்டும் செயலியை நீக்கி, அந்த நண்பரின் எண்ணைத் தன் பட்டியலிலிருந்து எடுக்குமாறு அந்நிறுவனத்திற்கு விண்ணப்பித்தேன். அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கைவிளக்கு எரியவைக்கும் ஒரு செயலியும் என் முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்கியிருந்தது! தேடுவதற்கு டக்டக்கோ, வலை உலாவ ஃபயர்ஃபாக்ஸ் என்று மாறினேன். (அந்த ஃபயர்ஃபாக்ஸை நடத்துவோரின் வருவாயில் பெரும்பகுதி கூகுளிடமிருந்தே வருகிறது என்று பிறகு அறிந்தேன். முற்றும் தூய கை என்று ஒன்று இச்சந்தையில் இல்லை போலும்.) நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒரு கறுப்பு நாட்குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கரையான் ஒன்றுதான் அதற்குப் பகை.

செய்தி அனுப்பச் சிக்னல் என்ற செயலிக்கு மாறினேன். வாட்ஸ்அப்பை நிறுவிய இருவருள் ஒருவரான பிரையன் ஆக்டன், 2017-இல் அங்கிருந்து விலகி, அடுத்த ஆண்டு 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்க உதவிய அறநிறுவனமே அதனை நடத்துகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகத் தகவல் கோரப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிரக் கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஒன்றைச் சேர்த்தே வைக்காதவனிடம் யார் வந்து எதைப் பறிக்க முடியும்? ஆனால் இதற்கும் செலவுண்டு. 2025-க்குள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் தேவைப்படும் என்று 2023-இல் அவர்களே கணக்கு வெளியிட்டனர். நன்கொடையே வழி. இலவசத்துக்குப் பழகிய நமக்கு இது கசக்கும்.

மாற்றத்தின் உற்சாகத்தில் ஒரு ஞாயிறு, பங்கின் எல்லாக் குழுக்களும் இனி சிக்னலுக்கு வரும் என்று அறிவித்துவிட்டேன். அது தவறு. அன்பியப் பொறுப்பாளர்கள் நாற்பது பேரில் ஒன்பது பேர் வந்தனர். பூசை முடிந்து ஒரு பாட்டி என்னைத் தடுத்து நிறுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். குவைத்திலிருக்கும் பேரனோடு குரல் பதிவு அனுப்பிப் பேசுபவர். “அந்தப் பச்சை டப்பாவ எடுத்துராதீங்க சாமி, எம் பேரன் அதுலதான் இருக்கான்” என்றார். அவருக்கு நான் எந்த அறநெறியைப் போதிப்பது? அவர் கையில் எவருடைய அடைக்கலமும் இல்லை. பேரனின் குரல் ஒன்றே இருக்கிறது.

என் சிந்தனை தெளிந்தது அவ்விடத்தில்தான். பெருநிறுவனங்களின் செயலிகளைக் கைவிட வேண்டுமா என்ற கேள்வியை எல்லார் மீதும் ஒரே எடையாக ஏற்றுவது நீதியன்று. எவர் கையில் பிறருடைய வாழ்வு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ, அவர் மீதே அது முழு எடையோடு விழுகிறது. குருக்கள், மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், மாணவர் பட்டியல் வைத்திருக்கும் ஆசிரியர்கள், கடன் கணக்கு எழுதும் மகளிர் குழுத் தலைவியர் ஆகியோர் தம் வசதியைப் பார்த்து இதனைத் தீர்மானிக்க இயலாது. பாட்டியைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் பாதுகாப்பான கரைக்குப் போய் நிற்பதும் மேய்ப்புப்பணி ஆகாது. எனவே பூசை நேரமும் திருவிழா அறிவிப்பும் பழைய குழுவிலேயே வருகின்றன. நோயாளர், குடும்பச் சிக்கல், வறுமை பற்றிய செய்தி எதுவும் அங்கே எழுதப்படுவதில்லை. அவற்றுக்குச் சிக்னல் உண்டு. அதைவிட, மிதிவண்டியில் போய்க் கதவைத் தட்டுவது உண்டு.

நண்பரின் காரியத்தில் நான் செய்யக்கூடியது அதிகமில்லை. அப்பள்ளிக்குப் போய் அவருக்காகப் பேசலாமா என்று இரண்டு நாள் எண்ணினேன். அவர் ஐந்தாண்டாகத் தொடவில்லை என்று நான் சொல்லும் கணத்தில், அதற்கு முன் தொட்டார் என்பதை உறுதி செய்தவனாவேன். அவரிடமே கேட்டேன். “வேண்டாம் சாமி” என்றார். இப்போது பால் வண்டி ஓட்டுகிறார்.

சில வாரங்களுக்கு முன் வந்தவர், “இப்ப என்னை எந்தப் பேர்ல வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். திருமுழுக்கில் இட்ட பெயர், வேறொன்றுமில்லை. சிரித்தார். பிறகு, அப்பள்ளியில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னதாக ஒன்றைச் சொன்னார். அந்தச் செயலியின் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட்டது உண்மைதான். ஆனால் அலுவலகத்தார் அன்று திரையில் கண்டபடியே எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துக்கொண்டார்களாம். அங்கே அவர் இன்றும் அதே இரு சொற்களோடுதான் இருக்கிறார்.