வலியை மரக்கச் செய்யும் உரிமை யாருக்கு?

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட மாநிலங்களில் 30க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் சோதனை மாதிரிகளில் டெர்மார்ஃபின் என்ற வலிமருந்து சிக்கியது. அதைச் செலுத்தினால் காலில் அடிபட்ட குதிரையும் நோவு தெரியாமல் ஓடும். விரிசல் கண்ட எலும்பு முறியும்வரை ஓடும். வாயில்லா ஜீவனுக்கு இயற்கை தந்த காவல் வலி. பணத்துக்காக அதைப் பறிப்பது பாவம். இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

டெர்மார்ஃபின் முதலில் கிடைத்தது ஒரு தென் அமெரிக்க மரத்தவளையின் தோல் சுரப்பில். இத்தாலிய மருந்தியல் அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமரின் குழு 1981இல் அதை உலகுக்கு அறிவித்தது. ஏழே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. இரண்டாவது கண்ணியாக ‘டி’ வகை அலனின் இருக்கிறது. விலங்குப் புரதங்களில் வழக்கமாகக் காண்பதோ ‘எல்’ வகை. அந்த ஒரு மாற்றத்தால் உடம்பின் நொதிகள் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. மூளையில் மார்ஃபின் பற்றும் அதே ஏற்பியை இதுவும் பற்றுகிறது, பல மடங்கு வீரியத்தோடு. சங்கிலி சிறியது என்பதால் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிடலாம். தவளையைத் தொடவே வேண்டாம். ஆகவே பழி மனிதன் கைக்கு மட்டுமே உரியது.

வலியை மரக்கச் செய்யும் தேவை பந்தயக் குதிரையோடு நின்றுவிடுவதில்லை. விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மரக்காணம் உப்பளத்தில் தவளை தங்காது. அந்த ஈரத்தோலுக்குப் பாத்தியின் உவர்நீர் எமன். மனிதர்கள் தங்குகிறார்கள். பாத்தி மிதித்து, பலகையால் உப்பை வாரி, வரப்பில் குவிக்கும் காலின் வெடிப்புக்குள் உப்பு இறங்கிக் காந்துகிறது. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. மறுநாளும் இறங்க வேண்டுமே! உழைத்த உடம்பு மாத்திரையையோ சாராயத்தையோ தேடுகிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்தவரைப் பழிப்பது எளிது. கடற்கரை உழைப்பாளியின் உடம்பு ஏன் மரத்துப்போக ஏங்குகிறது என்று கேட்பதே அறம்.

நம் முன்னோர் இதில் தெளிவாகவே இருந்தார்கள். பிற உயிரின் நோவைத் தன் நோவாக எண்ணாத அறிவால் பயனில்லை என்பது ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. புறாவின் உயிருக்காகத் தன்னையே தந்த செம்பியனைப் புறநானூறு போற்றுகிறது. மணிமேகலை அமுதசுரபி ஏந்தியது பசியைத் தீர்க்க. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பும் அதற்காகவே. பசியை மறக்கடிக்க இவர்களில் எவரும் வழி தேடவில்லை. துன்பத்தின் வேரைக் களைந்தார்கள்.

வலிமருந்தே தீது என்று யாரும் கொள்ள வேண்டாம். புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்க வேண்டும் என்றுதான் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அங்கே மருந்து நோயாளியின் நலனுக்கு. குதிரைக்குப் போட்ட ஊசியோ முதலாளியின் பந்தயத்துக்கு.

உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. நல்லதுதான், ஆனால் வெயில்காலத்தில் வெடிக்கும் காலுக்கு அது போதாது. காலுக்கு ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பாத்தியோரம் நிழற்கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர், கட்டுப்போட ஒரு செவிலியர்: இவற்றை உப்பள உரிமையாளர்களும் அரசும் அடுத்த உப்புப் பருவத்துக்குள் மரக்காணத்தில் செய்து தர வேண்டும்.