பட் நம்பர்

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர் இல்லாத தெரு குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. மாலையில் இவர்கள் ஒன்று கூடினால் பேச்சு பென்ஷன், கேன்டீன், பேரன் படிப்பு என்று சுற்றிவிட்டு எப்படியும் ஒருமுறை ரைபிளுக்கு வந்து சேரும். எந்த வருஷம் எதைத் தூக்கினோம், எது நன்றாக ஓடியது, எது கையைக் கடித்தது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் பெரியப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். மனதில் தங்கியவற்றை எழுதி வைக்கிறேன்.

*

எல்லோரும் முதலில் சொல்வது நம்பரைத்தான். படையின் ஆயுத அறைக்குக் கோத் என்று பெயர். அங்கே வரிசையாக நிற்கும் ரைபிள்களின் கட்டையில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்தான் பட் நம்பர். காலையில் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். மாலையில் துடைத்துத் திருப்பி வைக்க வேண்டும். சுட்டபின் விழும் காலித் தோட்டா ஓட்டுக்குக்கூடக் கணக்கு உண்டு. பெரியப்பா தன் சூட்கேஸ் பூட்டுக்குப் பட் நம்பரையே வைத்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் பூட்டிப் பயனில்லை. ஆனாலும் மாற்றவில்லை.

ரைபிள் சர்க்காருடையது. இவருக்கு முன் ஒருவர் கையில் இருந்தது, இவருக்குப் பின் இன்னொருவர் கைக்குப் போனது. அப்படியிருந்தும் ‘என்னுது’ என்றுதான் சொல்வார்.

*

மூத்தவர்களுக்கு த்ரீ நாட் த்ரீ. மேகஸினில் 10 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். 1962-ல் சீன எல்லையில் நம்மவர்கள் இதோடுதான் நின்றார்கள். எதிரே இருந்தவர்கள் கையில் அடுத்த குண்டு தானாக ஏறும் துப்பாக்கி இருந்தது. அதைத் தூக்கிய தலைமுறையில் இன்று மிகச் சிலரே மிச்சம். அவர்கள் பேசும்போது வலது கை மட்டும் தனியாக அசைவதைப் பார்த்திருக்கிறேன்: மேலே, பின்னே, முன்னே, கீழே.

அந்த ரைபிள் ராணுவத்தை விட்டுப் போனபின்னும் போலீஸில் பல்லாண்டு வேலை பார்த்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்கு விடை கொடுத்தது.

*

அடுத்து எஸ்.எல்.ஆர். எங்கள் ஊரில் அதிகம் பேசப்படுவது இதுதான். 7.62 தோட்டா, 20 கொள்ளும் மேகஸின், தோட்டா இல்லாமலே நாலரைக் கிலோவை ஒட்டிய எடை. ரேஞ்சில் முதல்நாள் சுட்டவனுக்குத் தோள்பட்டை கன்றிப்போகும். குழலிலிருந்து வரும் கேஸ்தான் அடுத்த குண்டை ஏற்றுகிறது. எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது ரைபிளுக்கு ரைபிள் மாறும். குறைந்தால் நடுவில் நின்றுவிடும், கூடினால் தோளில் இடிக்கும். சிறிய வளையம் ஒன்றைத் திருகித் திருகித் தன் ரைபிளுக்குப் பொருந்தும் அளவை ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஜீரோயிங். படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து ரவுண்டு. குண்டுகள் ஓரிடத்தில் குவிந்து, ஆனால் புள்ளியை விட்டு விலகியிருந்தால், ஆளின் மேல் குற்றமில்லை. ரைபிளின் சைட்டைத் திருத்த வேண்டும். முன் சைட்டைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மீண்டும் ஐந்து ரவுண்டு. அவன் கண், அவன் கன்னம் கட்டையில் படியும் இடம், அவன் மூச்சு நிற்கும் தருணம் எல்லாம் அந்தத் திருத்தத்துக்குள் போய்ச் சேர்கின்றன. அதே ரைபிளை வேறொருவன் எடுத்தால் குறி விலகலாம். அவன் தனக்காக மறுபடி ஜீரோ செய்துகொள்வான்.

பெரியப்பா ‘என்னுது’ என்று சொன்னதன் நியாயம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. கடனாக வாங்கிய பொருளில் அவருடைய உடம்பின் அளவு இருந்தது.

*

இலங்கைக்குப் போனவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. 1987 முதல் 1990 வரை அமைதிப் படையில் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் இருந்தன. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பதில் எஸ்.எல்.ஆரின் நீளத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். ஒரு மீட்டருக்கும் அதிகமான நீளம்; வேலி ஒழுங்கைகளில் திருப்ப இடம் போதாது. எதிரே ஏ.கே. 47, குட்டையானது, விசையை விடாமல் அழுத்தினால் பொழியக்கூடியது. இவ்வளவும் கடகடவென்று வரும். அதன்பின் ஒருவர் மெல்லச் சொன்னார், “வீட்டுக்குள்ளேர்ந்து அழற சத்தம் நம்ம பேச்சுலயே கேக்கும்பா.” மற்றவர்கள் எழுந்து டீக்குக் காசு கொடுக்கப் போனார்கள்.

நான் மேலே கேட்கவில்லை. யாரைச் சுட்டீர்கள் என்ற கேள்வியை இவர்களில் எவரிடமும் நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். தாமாகச் சொல்ல வந்தால் எத்தனை நேரமானாலும் உட்கார்ந்து கேட்பேன்.

*

இளையவர்களுக்கு இன்சாஸ். 5.56 தோட்டா, எடை குறைந்த பிளாஸ்டிக் மேகஸின். எத்தனை குண்டு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். இஷாப்பூரிலும் நம் திருச்சித் தொழிற்சாலையிலும் செய்தது. 1999 கார்கில் குளிரில் மேகஸின் விரிசல் விட்டதாக எழுந்த புகார் அதை விட்டுப் போகவேயில்லை. 2019-ல் ராணுவம் வெளிநாட்டிலிருந்து சிக் என்னும் ரைபிளை வாங்கியபோது அது 7.62 என்று கேட்டு எஸ்.எல்.ஆர்.காரர்கள் அடைந்த சந்தோஷம் பெரிது. தங்கள் காலம் வீணில்லை என்று யாரோ சான்று எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

*

இந்தப் பட்டியலில் கடைசியாக வரவேண்டிய ஒன்று எவர் வாயிலும் வருவதில்லை. ஓய்வு பெற்று வந்தபின் பலர் கன்மேன் வேலைக்குப் போகிறார்கள். வங்கி வாசல், நகைக்கடை, பணம் ஏற்றும் வேன். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் வேலை சுலபமாகக் கிடைக்கும் என்பதால் சேமிப்பை எடுத்து 12 போர் இரட்டைக்குழல் வாங்குகிறார்கள். வாழ்நாளில் அவர்கள் சொந்தமாக வைத்திருக்கும் ஒரே துப்பாக்கி அதுதான். ரசீது, உரிமம், பெயர் எல்லாம் அவர்களுடையவை. அதன் எண்ணைக் கேட்டால் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுவார்கள்.

காவலுக்கு நின்ற இடத்தில் அதைச் சுட நேர்ந்ததே இல்லை என்பது அது பேச்சில் வராததற்கு ஒரு காரணம். அதைவிட, அங்கே இடது பக்கமும் வலது பக்கமும் படுத்திருக்க ஆள் இல்லை. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த வருஷங்களை யாரிடம் எப்படி நினைவுகூர்வது? அந்த வருஷங்களும் உழைப்புதான். அந்தச் சம்பளத்தில்தான் பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது, மாடி எழும்பியது.

பெரியப்பா இறந்தபின் அவருடைய 12 போரை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தவர் பெரியம்மா. துப்பாக்கி எப்படி இருந்தது என்று கிழவர்களிடம் கேட்கும் அதே கேள்வியை ஒருநாள் அவரிடம் கேட்டேன். ஆச்சரியப்பட்டார், பிறகு பேச ஆரம்பித்தார். பீரோச் சாவியை இடுப்பை விட்டுக் கழற்றாமல் தூங்கியதைச் சொன்னார். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வரவேண்டும். அந்தச் சீட்டு தொலையாமல் அரிசிப் பானைக்குள் வைத்ததைச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்து, கம்பியில் துணி சுற்றி, இரண்டு குழலிலும் எண்ணெய் விட்டுத் துடைத்தது அவர்தான்.

“இடது குழல்ல மட்டும் ஒரு துரு வந்துகினே இருக்கும். எவ்ளோ தேய்ச்சாலும் மழைக்கு மழை திரும்ப வரும். வெளிச்சத்துல வெச்சு ஒரு கண்ண மூடிகினு பாப்பேன்,” என்றார்.