பங்காளியும் பங்கும்

தமிழில் ‘பங்காளி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தொழிலில் பங்குடையவன் என்பது ஒன்று; தந்தை வழி உறவினன் என்பது மற்றொன்று. உறவையும் உரிமையையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், அவ்விரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தையும் அறிந்தே இருந்தனர். ‘பங்காளிச் சண்டை’ என்று சொன்னால் போதும், விளக்கம் கேட்பார் எவருமில்லை.

அரபு மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. ‘ஷரீக்’ என்பான் பங்குடையவன். ‘கலீத்’ என்பான் கலந்தவன். அதாவது தன் உடைமையைப் பிறனுடைய உடைமையோடு கலந்து வைத்திருப்பவன். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் இழைக்கும் அநீதியை எடுத்துரைக்கும்போது திருமறை இந்த இரண்டாம் சொல்லையே ஆள்கிறது. பங்கு இருப்பதில் அன்று, பங்கு கலந்து கிடப்பதிலேதான் அநீதிக்கு வாசல் திறக்கிறது என்பது இதிலிருந்து நாம் பெறும் குறிப்பு எனக் கொள்ளலாம். அன்றியும், அந்த வழக்கு ஆட்டு மந்தையைப் பற்றியது.

ஆடு மாடு பற்றிய வழக்குக்கும் நம் காலத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிட வேண்டாம். தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் அதனுள் அடங்கின. ஆயினும் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் ஏரிக்கரையோரங்களில் இன்றும் கறவை மாடுகளைக் காணலாம். மேய்ந்த நிலங்கள்தாம் மனைகளாகிவிட்டன. மாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் கையில் இப்போது இரண்டு பொருள்கள் எஞ்சியுள்ளன: நாள்தோறும் தீனி கேட்கும் மாடு ஒன்று, நாள்தோறும் விலை ஏறும் நிலம் மற்றொன்று. வழக்கு எழுவது இங்கேதான்.

சிந்திப்பதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை விட்டுச் சென்றவை பத்து மாடுகளும், தொழுவமும், மாடு மேய்ந்த சிறிது பட்டா நிலமும். மக்கள் மூவர். மூத்த மகன் இருபது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பால் கறந்தான். வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் சுமந்தான். இளைய மகன் வெளியூரில் வேலை பார்த்து, அவ்வப்போது மாடு வாங்கப் பணம் அனுப்பினான். மகள் மணமாகிச் சென்றாள். இருபது ஆண்டுகளும் எவரும் கணக்கு எழுதவில்லை. ‘நமக்குள் என்ன கணக்கு’ என்பதே அவ்வீட்டின் பெருமையாக இருந்தது. நிலத்துக்கு விலை பேச ஆள் வந்த அன்று, அந்தப் பெருமையே பெருங்குற்றமாக மாறிற்று.

இவர்களில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது? தீர்ப்புச் சொல்லுமுன் தாவூத் நபி (அலை) அவர்களின் சபைக்குச் சென்று வருவோம். ‘ஸாத்’ அத்தியாயத்தில் வரும் நிகழ்ச்சி அது. வழக்காளிகள் இருவர் வருகின்றனர். ஒருவர் முறையிடுகிறார்: இவர் என் சகோதரர், இவருக்குத் தொண்ணூற்றொன்பது பெண்ணாடுகள் உள்ளன, எனக்கு இருப்பது ஒன்று, அதனையும் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்கிறார், பேச்சிலும் என்னை வென்றுவிட்டார் என்று.

இம்முறையீட்டின் இறுதிப் பகுதி ஆழ்ந்து நோக்கத் தக்கது. அவர் அடித்துப் பறித்தார் என்று சொல்லப்படவில்லை. பேச்சில் வென்றார் என்றே சொல்லப்படுகிறது. தொண்ணூற்றொன்பதை உடையவர் என்ன பேசியிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. ‘ஒற்றை ஆட்டை வைத்துக்கொண்டு தனியே எதற்குத் துன்பப்படுகிறாய்? மேய்ப்பவன் ஒருவன் போதும், பட்டியும் ஒன்று போதும்’ என்றிருப்பார். இது பொய்யுமன்று. ஒன்றுசேர்ந்தால் செலவு குறையும் என்பது உண்மையே. உண்மையான ஒரு வாதத்தைக் கொண்டே எளியவனின் உரிமையைக் கரைத்துவிடலாம் என்பதுதான் இதிலுள்ள அச்சம். இன்று வீட்டில் மூத்தவர் ‘எல்லாவற்றையும் என் பேருக்கு எழுதிக்கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதும், தங்கை கையொப்பம் இடுவதும் இவ்வகையைச் சேர்ந்தனவே. அவள் இசைந்தாள் என்பது மெய். வாதிட வழியின்றி இசைந்தாளா, மனம் ஒப்பி இசைந்தாளா என்பதை இறைவன் அறிவான்.

இந்நிகழ்ச்சியில் தாவூத் நபி (அலை) அவர்களுக்கு நேர்ந்த சோதனை யாது என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எதிராளியின் சொல்லைக் கேட்குமுன் தீர்ப்புரைத்ததே அது என்பது ஒரு சாராரின் விளக்கம். ஒன்றுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் நடந்த வழக்கிலேயே மறுபக்கத்தைக் கேட்க வேண்டுமாயின், நம் கற்பனைக் குடும்பத்தில் மூத்தவனைக் கேளாமல் ‘உழைப்பை விற்கப் பார்க்கிறான்’ என்று தம்பியும், தம்பியைக் கேளாமல் ‘உட்கார்ந்து பங்கு கேட்கிறான்’ என்று ஊரும் பேசுவது எங்ஙனம் தகும்?

இனி ஜகாத்தின் சட்டத்திலிருந்து ஓர் உண்மையைக் காண்போம். நாற்பது ஆடுகளுக்கு ஓர் ஆடு ஜகாத். நூற்றிருபது வரை ஒன்று. நூற்றிருபத்தொன்று முதல் இரண்டு. இருநூற்றொன்று முதல் மூன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படி, உரிய நிபந்தனைகளோடு ஒரே பட்டியில் அடைந்து, ஒரே இடத்தில் மேய்ந்து நீரருந்தும் இருவரின் மந்தை ஒரே மந்தையாகக் கணக்கிடப்படும். ஆகவே நாற்பது நாற்பதாக வைத்திருக்கும் இருவர் பிரிந்திருந்தால் இரண்டு ஆடுகள் தர வேண்டும். கலந்திருந்தால் ஒன்று போதும். நூற்றொன்று நூற்றொன்றாக வைத்திருப்பவர்களுக்கோ கலந்திருந்தால் மூன்று, பிரிந்தால் இரண்டு. ஜகாத்துக்கு அஞ்சிப் பிரிந்திருப்பதைக் கலக்கவும் கலந்திருப்பதைப் பிரிக்கவும் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள்.

இந்தத் தடை வரிக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று. கலப்பதும் பிரிவதும் ஆதாயத்தைப் பார்த்து நிகழுமானால், அங்கே கூட்டும் இல்லை, தனிமையும் இல்லை, சூழ்ச்சியே உண்டு என்பது அதன் உட்பொருள். நம் குடும்பங்களில் நடப்பதைப் பாருங்கள். அண்ணன் உழைப்புக்குக் கூலி கேட்டால் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்கிறோம். நிலம் விலை ஏறினால் ‘என் பங்கைத் தனியாகக் கொடு’ என்கிறோம். மாடு நோயுற்றால் அது அண்ணனின் மாடு. கன்று ஈன்றால் எல்லாருடைய கன்று. அண்ணனும் சளைத்தவனல்லன். பால் பணம் வரும்போது அது தன் உழைப்பு. தீனிக்குப் பணம் வேண்டும்போது அது வாப்பாவின் மாடு.

சட்டம் என்ன சொல்கிறது? இஸ்லாமியச் சட்டத்தில் பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்து என்று ஒன்றில்லை. தந்தை கண் மூடிய கணமே ஒவ்வொரு வாரிசின் பங்கும் உறுதியாகிவிடுகிறது. தாய் முன்னரே காலமாகி, வாரிசுகள் இவர்கள் மூவர் மட்டுமேயாயின், கடனும் மரண சாசனமும் போக எஞ்சியதை ஐந்தாக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டும் மகளுக்கு ஒன்றும் சேரும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அவ்விலக்கை அகற்றிற்று. எனவே ‘நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை’ என்பதற்கு நம் மாநிலத்தில் மார்க்கமும் துணை நிற்காது, அரசின் சட்டமும் துணை நிற்காது.

மூத்தவனின் இருபதாண்டு உழைப்பு என்னாவது? கூலி பேசாமல் செய்த வேலைக்குக் கூலி கோர முடியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து. கூலிக்குச் செய்வதே வழக்கமான வேலையாயின் கொடுக்க வேண்டும் என்போரும் உண்டு. முதற்கருத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி வென்றுவிடலாம். ஆனால் அவனும் பேச்சில் வென்றவனாகவே ஆவான். ஒருவருக்கொருவர் பெருந்தன்மை காட்டுவதை மறந்துவிடாதீர்கள் என்று திருமறை அறிவுறுத்துவது மணமுறிவின்போது, கணக்குத் தீர்க்கும் இடத்தில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரியும் கணவன் மனைவிக்கே அது வேண்டுமாயின், ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு வேண்டாமா? சட்டம் காட்டுவது இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்னும் எல்லையை. அதற்கு மேலே ஏறுவதற்குத் தடையேதுமில்லை. தம்பி தன் பங்கிலிருந்து அண்ணனின் உழைப்பை மதித்துக் கொடுக்கட்டும். ஆனால் தங்கையின் பங்கிலிருந்து இருவரும் சேர்ந்து ‘பெருந்தன்மை’ காட்டிக்கொள்ள வேண்டாம்.

மற்றொன்றும் உண்டு. பட்டா நிலத்தோடு ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கையும் ‘நாங்கள் காலங்காலமாக மேய்த்தது’ என்று பங்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது எவர் வீட்டுச் சொத்துமன்று, ஊரின் புல். நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்குடையவர்கள் என்பது நபிமொழி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பொது மேய்ச்சல் தரைக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தபோது, சில ஆடு ஒட்டகங்களே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் பணித்தார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு; ஏழையோ குழந்தைகளோடு என்னிடம் வந்து நிற்பான்; பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது என்பது அவர்கள் கூறிய காரணம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டுமென ஆணையிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். முன்னர் அது பன்மடங்கு பரந்து கிடந்தது. பொதுவை விழுங்கியபின் உடன்பிறந்தாருக்குள் நீதி தேடுவது, பிறர் வீட்டு ஆட்டை அறுத்து நியாயமாகக் கூறு போடுவதை ஒக்கும்.

இவ்வழக்கில் வாய் பேசாத ஒரு தரப்பும் உண்டு. வழக்கு முடியும்வரை தீனிக்கு யார் பணம் போடுவது என்று இருவரும் கை கட்டி நிற்க, மாடு சாலைக்கு வந்துவிடுகிறது. சென்னை மாநகராட்சி 2023இல் இத்தகைய மாடுகளுக்கு முதல் முறை அபராதத்தை 5,000 ரூபாயாக உயர்த்திற்று. அபராதம் உரிமையாளனுக்கு, பசியும் வாகனத்தின் அடியும் மாட்டுக்கு. தீனி போடு, இன்றேல் விற்றுவிடு என்று உரிமையாளனைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டென நம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. பங்கு தீராவிட்டாலும் தொட்டி நிரம்பத்தான் வேண்டும்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் மேய்ப்பர்களுக்கும் அவர்களின் சகோதரர் மகனான லூத் நபி (அலை) அவர்களின் மேய்ப்பர்களுக்கும் மேய்ச்சல் நிலம் போதாமல் சச்சரவு எழுந்ததாக ஆதியாகமம் கூறுகிறது. மூத்தவர் இளையவரை அழைத்து, எப்பக்கம் வேண்டுமோ அதை நீயே முதலில் தேர்ந்துகொள், எஞ்சியது எனக்கு என்றாராம். கதையில் கொள்ளத் தக்கது இது: வலிமையுடையவன் முதலில் விட்டுக்கொடுத்தான், பிரிந்தார்கள், ஆனால் பகைக்கவில்லை. பிரிவதை நாம் பாவமாகவும் ஒன்றாயிருந்து உள்ளுக்குள் வெறுப்பதைப் புண்ணியமாகவும் கருதுகிறோம். இது தலைகீழான எண்ணம்.

கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனம் திருமறையின் மிக நீண்ட வசனம். நம்பிக்கையாளர்களை விளித்தே அது பேசுகிறது. ஆகவே தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போதே தொழுவத்தில் எது யாருடையது, யார் உழைப்புக்கு என்ன கூலி என்பதை ஒரு தாளில் எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். ‘நமக்குள் என்ன கணக்கு’ என்று யாரேனும் சொன்னால், நமக்குள் என்பதாலேயே கணக்கு என்று பதில் சொல்லுங்கள். கூட்டாளிகளில் அநீதி செய்யாதவர் சிலரே என்று திருமறை சொல்கிறது. அந்தச் சிலரில் சேர விரும்புபவர் இன்றே எழுதுகோலை எடுக்கட்டும்.