பலகையின் கோட்டமும் உயிரின் மலமும்

அறுத்தெடுத்த மரப்பலகை மட்டமாக நிற்பதில்லை. உலரும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் மிகச் சொற்பம். அதனால் பலகை குழிகிறது, வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது.

தச்சர் முதலில் பலகையைக் காற்றாட அடுக்கி உலர்த்துகிறார். பிறகு இரு முனைகளிலும் நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணால் நோக்கி முறுக்கைக் கணிக்கிறார். மேடான இடங்களை இழைப்புளியால் இழைத்து ஒரு முகத்தை மட்டமாக்குகிறார். அதை ஆதாரமாகக் கொண்டு மறுமுகத்தை இழைக்கிறார்.

நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரும், திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே இருக்கும் மரச்சிற்பங்களும் தாமிரபரணிக் கரையின் மரவேலைக்குச் சான்று. அதே ஆற்றங்கரையின் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் மாதவச் சிவஞான முனிவர். மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய மாபாடியம், சைவ சித்தாந்தத்தின் பேருரை. பலகையின் கோட்டம் எழுப்பும் கேள்வி அந்தச் சித்தாந்தத்தின் மையக் கேள்வியும்கூட: குறை இடையில் வந்து ஒட்டியதா, உடன் இருப்பதா? நீங்கிய பின் அது திரும்புமா?

உயிரின் அறிவை மறைக்கும் குறையான ஆணவ மலம் இடையில் வந்ததன்று, நெல்லுக்கு உமிபோல அநாதியாக உடன் இருப்பது என்கிறது சித்தாந்தம். முத்தியிலும் அது அழிவதில்லை. அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது. இழைத்த பலகையின் நிலையும் இதுவே. மட்டமானது அதன் முகந்தான். ஈரத்தை ஏற்று அசையும் இயல்பு மரத்தை விட்டுப் போவதில்லை. ஐப்பசி மழையில் அது விரியும், கோடையில் சுருங்கும். ஆகவே தச்சர் பலகையைச் சட்டத்தின் காடியில் பொருத்தி, அசைய இடம் விட்டு, கோணாமல் தாங்க வைக்கிறார்.

சிவஞானபோதத்தின் 12-ஆம் நூற்பா ஞானம் பெற்றவருக்கும் இப்படி ஒரு காப்பை விதிக்கிறது: மலத்தைக் கழுவி அடியாரோடு கூடியிருத்தல், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுதல். பற்றின் வாசனை மீண்டும் தலையெடுக்காதிருக்க இது வேண்டும். ஞானம் வந்தபின் கோயில் எதற்கு என்ற ஐயத்துக்கு இதுவே விடை.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. பலகை அறிவற்றது, இழைப்பவர் கைக்குத் தன்னைக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு செயல் இல்லை. உயிர் அறிவுடையது. திருத்துவது அருளே என்றாலும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் உயிர் தானும் முயல்கிறது. செம்மை ஒருமுறை அடைந்து முடிவதன்று, நாளும் பேணப்படுவது என்பதில் தச்சும் சித்தாந்தமும் ஒன்றுபடுகின்றன.