பற்றும் வாழ்வும்

உண்ண உணவும் உறையக் கூரையும் அளித்துவிட்டால், இடம்பெயர்ந்தோர்க்குச் சமூகம் ஆற்றவேண்டிய கடன் தீர்ந்துவிடுமா? அறவியலுக்குரிய இவ்வினாவைத் தெளிவுபடுத்த உயிரியலும் ஒரு சான்று தருகின்றது.

ஈரற்கலங்கள் கட்கெரின் முதலான புரதங்களால் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அவற்றிடையே அமைந்த இறுகிய சந்திகள், குளக்கட்டு நீரை மறிப்பதுபோலப் பித்தத்தைக் குருதியினின்றும் பிரித்து வைக்கின்றன. எப்பக்கம் குருதியை நோக்குவது, எப்பக்கம் பித்தத்தைச் சொரிவது என்னும் திசையமைப்பைக் கலம் பெறுவதற்கு இப்பற்றே துணையாகின்றது. நொதியத்தால் இப்பிணைப்பை அறுத்துக் கலங்களைத் தனித்தனியே வளர்ப்பூடகத்தில் இட்டால், போசணை குறைவின்றிக் கிடைத்தும், அல்புமின் ஆக்குதல் போன்ற தம் சிறப்புத் தொழில்களைச் சில நாட்களுள் அவை இழக்கத் தொடங்குகின்றன. 1989 இல் ஆய்வாளர் அவற்றை இரு கொலாஜன் படைகளுக்கிடையே வைத்தபோது அவ்வாற்றல் பல வாரங்கள் நிலைத்தது. பற்றுக்கோடு இழந்த கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வுக்கு 1994 இல் சூட்டப்பட்ட 'அனோய்கிஸ்' என்னும் கிரேக்கவழிப் பெயர் வீடின்மை எனப் பொருள்படும்.

மனித வாழ்விலும் இதனையொத்த நிலையுண்டு. 2009 இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் அவை மூடப்பட்டபோது, இறுதியாக வெளியேறிய முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு மக்கள் சொந்த ஊருக்கன்றி வேறிடத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர். 2017 இல் பிலவுக்குடியிருப்பு மக்கள் தம் காணிகளைக் கேட்டு இரவுபகலாகப் போராடினர். கூரை ஒன்றே போதுமாயின் அப்போராட்டத்துக்கு இடமேயில்லை. அயலும் தொழிலும் நினைவும் கூடிய நிலத்தையே அவர்கள் வேண்டினர்.

எனினும் உவமையை அளவிறந்து நீட்டுதல் தகாது. கலம் தன் இழையத்தை மறுத்து எழுவதில்லை. மனிதனோ தன் ஊரின் சாதிக் கட்டையும் வழக்கத்தையும் மறுக்க வல்லவன். ஈரலிலும் நார்ப்பொருள் மிகையாகப் படிந்து இறுகுமாயின் குருதியோட்டம் தடைப்பட்டு ஈரலே கெடும். சமூகப் பிணைப்பும் அளவு கடந்தால் உள்ளிருப்போரை நசுக்கும்.

ஆகவே, ஒருவனை அவனது மண்ணிலிருந்து வலிந்து பிரிப்பதும் அறமன்று. அம்மண்ணிலேயே அவனைக் கட்டிவைப்பதும் அறமன்று. மீண்டு செல்லவும் விரும்பின் விலகிச் செல்லவும் அவனுக்குள்ள உரிமையை உறுதிசெய்யும் வரை, சமூகத்தின் கடன் தீர்ந்ததாகாது.