யாரும் கேட்காத துக்கம்

2020 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயப்பட்டார்கள். குடும்பத்தாரால் அருகில் நிற்க முடியவில்லை. நண்பரான மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர் இருவரோடு, போலீஸ் காவலில், நள்ளிரவில் உடலைக் குழியில் இறக்கி, மண்வெட்டியாலும் கையாலும் மண் தள்ளி மூடினார்.

இந்தச் செய்தியில் இறந்தவரைவிட, மண் தள்ளியவரையே என் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த இரவுக்குப் பிறகும் அவரிடம் நோயாளிகள் வந்திருப்பார்கள். அவரும் நாடி பிடித்துப் பார்த்திருப்பார்.

*

அதே ஆண்டு மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காக ஊரே கைதட்டியது. நானும் மாடியில் நின்று மனதாரத் தட்டினேன். அதற்கும் வேலங்காட்டுக்கும் இடையே சரியாக நான்கு வாரம்.

*

அந்த நாட்களில் கொரோனா வார்டில் மருத்துவர்களும் செவிலியர்களும் கவச உடையைப் போட்டுக்கொண்டால் டியூட்டி முடியும்வரை தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான். முகம் தெரியாததால் உடையின் மேல் பெயரை எழுதிக்கொண்டார்கள். சாகக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, வீட்டாரிடம் கடைசியாகப் பேசவைத்தவர்கள் செவிலியர்கள். அழுதால் கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைக்கவும் வழியில்லை. டியூட்டி முடிந்தால் விடுதி அறையில் தனிமை. பிள்ளையை வீடியோவில்தான் பார்க்கலாம்.

இதெல்லாம் உடம்பின் பாடு. தூங்கினால் ஓரளவு தீரும். தூங்கினாலும் தீராதது வேறு. 2021 மே மாதம், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. படுக்கை காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யும் திறமையும் உண்டு, செய்ய இடமில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே இதற்கு இணையான ஒரு காயத்தைக் கண்டு எழுதினார்: சரியென்று நம்பியதைப் பொறுப்பில் இருப்பவர்களே மீறும்போது மனதில் ஏற்படும் காயம். எத்தனை கடுமையான வேலையையும் மனிதர்கள் தாங்கிவிடுகிறார்கள். கைவிடப்பட்டோம் என்ற எண்ணத்தைத்தான் தாங்க முடிவதில்லை.

*

2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணில் யாரும் மனநல ஆலோசனை பெறலாம். நல்ல ஏற்பாடு, வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, தொற்றுக் காலத்தில் தமிழக அரசு தற்காலிகமாகச் சேர்த்த செவிலியர்கள் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிந்தது. போராடிய பிறகுதான் மாற்று வேலை பற்றிய பேச்சே வந்தது.

கூப்பிட்டபோது வந்தவர்கள் இவர்கள். ஆலோசனை எண்ணோடு இவர்களுக்கு நிலையான பணியையும், பணியிடத்திலேயே கூச்சமின்றி அழவும் பேசவும் ஓர் இடத்தையும் அரசு தர வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.