கையிலிருந்து கைக்கு

போன தை மாசம் ஒரு கூட்டத்துக்காகப் பெங்களூர் போயிருந்தேன். எங்கள் கொட்டச்சேட்டுப் பையன் ஒருவன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். காப்பித் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் லைன். 'அக்கா, இன்னிக்கி உங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன் வாங்க' என்று ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான்.

சாப்பாட்டு மேசை கிடையாது. நீளமாக ஒரு பலகை. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சமைக்கிறவர். கடல்பாசியை மெலிசாகப் பரத்திக் காயவைத்த தகடு. அதன்மேல் வினிகர் கலந்த வெதுவெதுப்பான சோறு, பச்சை மீன் துண்டு, வெள்ளரிக்காய். வெறுங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நம் கண்முன்னே சுருட்டுகிறார்கள். சுஷியில் இது ஒரு வகை. 'தெமாகி' என்று பேர். கையால் சுருட்டியது என்று அர்த்தமாம். சுருட்டியதைத் தட்டில் வைக்கவில்லை. நேராக என்னிடம் நீட்டினார் அந்தத் தம்பி.

'கைய நீட்டுங்கக்கா. உடனே தின்னுரணும். கொஞ்சம் விட்டா பாசி நமுத்துப் போயிரும்.'

நீட்டினேன். ஒரு கையை அல்ல. ரெண்டு கையையும் சேர்த்துக் குவித்து ஏந்தினேன்.

'என்னக்கா, தண்ணி வாங்குற மாதிரி ஏந்துறீங்க?' என்று சிரித்தான் பையன். சிரிச்சவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் தெரியும்.

மலையடிவாரத்தில் எங்கள் அம்மாயி ஊர். பள்ளிக்கூட லீவுக்கு அங்கேதான் போவேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் சொம்பைத் தரமாட்டார்கள். திண்ணைமேல் நின்று ஊற்றுவார்கள். கீழே நின்று குவித்த கையை வாயில் வைத்துக் குடிக்கணும். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர், கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவிச் செருகணும். நடந்தது ஏதோ மன்னர் காலத்தில் இல்லை, 1998இல். எம்.ஏ. தமிழ் படித்தேன், மேடையில் பேசுகிறேன், கட்டுரை எழுதுகிறேன். ஆனாலும் சோறு நீட்டப்பட்டதும் என் கை தானாகக் குவிந்துவிட்டது. படிச்சது தலையில்தான் ஏறியிருக்கிறது. கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. தீட்டு எங்கே இருக்கிறது? கையிலா, பொருளிலா, தொடுவதிலா?

எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். அப்புறம் தலைமுறை தலைமுறையாகக் காப்பிப் பழம் பறிப்பது யார்? எங்கள் அம்மா மாதிரிப் பொம்பளைங்க. பழத்தைப் பறிக்கிற கை, தோல் போன கொட்டையைக் களத்தில் காயவைக்கிற கை, கறுத்ததையும் உடைஞ்சதையும் பொறுக்கி எடுக்கிற கை, எல்லாம் எங்கள் கை. அந்தக் கொட்டை வறுபட்டுப் பொடியாகி டிகாக்ஷனாக இறங்கும்போது ஒருத்தரும் தீட்டு என்று ஒதுக்கியதில்லை. அதே காப்பியை டம்ளரில் வாங்கிக் குடிக்க அதே கை நீண்டால் மட்டும் தீட்டு வந்துவிடுகிறது!

அப்படியானால் தொடுவது குற்றமில்லை. நம் கை உழைக்கலாம். நாத்து நடலாம், நெல் அறுக்கலாம், மூட்டை தூக்கலாம். கொடுக்கத்தான் கூடாது. சரிசமமாக நின்று வாங்கவும் கூடாது. உழைக்கிற கை கண்ணுக்குத் தெரியாது. கொடுக்கிற கைக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தாகணும். சாதி பயப்படுவது அழுக்குக்கு இல்லை, இந்த முகத்துக்குத்தான்.

ஜப்பானில் இதெல்லாம் இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிற சுஷி, 19ஆம் நூற்றாண்டு எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) தெருவோரக் கடைச் சாப்பாடு. நம் ஊர்க் கையேந்தி பவன் மாதிரி நின்றபடியே தின்றுவிட்டுப் போவது. மீனை அறுத்த கையால் நேராக எடுத்துத் தருவார்கள், எல்லாரும் வாங்கித் தின்பார்கள். அதே நாட்டில் செத்த மாட்டை உரித்தவர்களையும் தோல் பதனிட்டவர்களையும் 'எத்தா' என்று ஒதுக்கிவைத்தார்கள். 'அழுக்கு மிகுந்தவர்' என்று பொருள்படும் எழுத்துக்களால் அந்தப் பேரை எழுதினார்கள். அவர்கள் தோல் கட்டிய முரசு கோயில் விழாவுக்கு வேண்டும், கட்டியவர் வேண்டாம். பறைக்கும் பறையருக்கும் இங்கே நடந்தது ஞாபகம் வருகிறதா? 1871இல் ஓர் அரசாணை அந்தப் பேரையும் அந்தஸ்தையும் ஒழித்தது. ஒதுக்குவது ஒழியவில்லை. அதனால்தான் 1922 மார்ச் 3இல் கியோட்டோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற தங்கள் சொந்த இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அஞ்சு வருசம் கழித்து, அதே மார்ச் மாசம், மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார் அம்பேத்கர்.

மீன் அறுத்த கை சுத்தம், மாடு அறுத்த கை அசுத்தம். ரெண்டு கையிலும் ரத்தம்தானே? ரத்தத்தில் இல்லாத தீட்டு எங்கிருந்து வந்தது? யாரைக் கீழே வைக்கணும் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அப்புறம் அவர் கையில் அழுக்கைத் தேடுகிறார்கள்.

சரி, பெங்களூர்க் கடையில் சாதி செத்துவிட்டதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சுருட்டித் தருகிறவரிடம் இங்கிலீசில் கேட்டார்: 'நீங்க ஜப்பானா?' அவர் சிரித்துக்கொண்டே 'மணிப்பூர்' என்றார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஜப்பான் கை. அந்நியக் கைக்குச் சாதி கேட்கவேண்டியதில்லை. அதனால் கூச்சமில்லாமல் வாங்கித் தின்னலாம். அந்த அம்மா வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு எந்த டம்ளரில் காப்பி தருகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தனி டம்ளர் வைத்திருக்கும் நகரத்து வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதுவும் நாகரிகமாகிவிட்டது. அம்மாயி ஊர் டீக்கடையில் கூரை டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்துவிட்டது. யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப் என்று கடைக்காரருக்குத் தெரியும். கேட்டால் 'சுகாதாரம்' என்பார்.

ஜப்பான் கையில் வாங்குகிறவர்கள் சொந்த ஊரில் என்ன செய்கிறார்கள்? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் தகராறு செய்தார்கள். பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அந்தக் கையால் தின்னக்கூடாது. அரசியல்வாதிகள் சேரிக்கு வந்து சாப்பிடுகிறார்களே என்பார்கள். 2017இல் கர்நாடகாவில் பா.ஜ.க. தலைவர் எடியூரப்பா ஒரு தலித் வீட்டில் சாப்பிட்டபோது, இட்லி ஓட்டலிலிருந்து வந்தது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. வீடு நம்முடையது, பாய் நம்முடையது, போட்டோவும் நம்மோடுதான். சோறு மட்டும் நம் கையிலிருந்து வரவில்லை என்றால் அதற்குப் பேர் என்ன?

சமபந்தியால் சாதி ஒழியாது என்று அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். கலப்பு மணம்தான் மருந்து என்றார். பெங்களூர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பட்டது. அங்கே எல்லாரும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்திருந்தோம். பில்லைக் கட்டியதும் அவரவர் சாதிக்குத் திரும்பிவிட்டோம். காசு கொடுத்து வாங்குகிற கை, காசு முடிந்ததும் விலகிவிடும்.

ஆனாலும் அந்தக் கடையை நான் வெறும் பணக்காரக் கூத்து என்று தள்ளமாட்டேன். அங்கே ஒன்று நடந்தது. நீட்டிய கையும் வாங்கிய கையும் ஒரே மட்டத்தில் இருந்தன. யாரும் மேலே நின்று ஊற்றவில்லை. ரெண்டாவது சுருளுக்கு நான் ஒரு கையைத்தான் நீட்டினேன். வேண்டுமென்றே நீட்டினேன். அது சின்ன விசயம்தான். ஆனால் என் கைக்கு அன்றைக்குத்தான் சேதி போய்ச் சேர்ந்தது.

எனவே தோழர்களே, 'எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்' என்று இனியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சமத்துவத்துக்கு அது சரியான அளவுகோல் இல்லை. நாங்கள் சமைப்போம், நாங்கள் பரிமாறுவோம், பள்ளிக்கூடத்திலும் கல்யாணப் பந்தியிலும் கோயில் அன்னதானத்திலும். எங்கள் பேரும் ஊரும் சாதியும் தெரிந்தே, காசு வாங்காமல் நீட்டுகிறோம். வாங்குவீர்களா? இந்தக் கேள்விக்கு வருகிற பதிலில் தெரிந்துவிடும், யார் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். குப்பனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பஸ் அப்போதுதான் போயிருந்தது. அம்மா ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தது. அஞ்சு சுருள், ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பில் என்றதும் களித்துடுப்பு நின்றுவிட்டது.

'சோத்தச் சுருட்டிக் கையில குடுக்கறதுக்கா இம்புட்டு?'

'ஆமாம்மா.'

கையைத் தண்ணீரில் நனைத்துக் களியை உருட்டி, சூடு பொறுக்க ஊதி, என் உள்ளங்கையில் வைத்தது அம்மா. அப்புறம் கேட்டது:

'நாங் குடுத்தா வாங்குவாங்களா, அவங்க?'